காசு கொடுத்துப் பயப்படுகிற பழக்கத்தின் கதை

இது கொஞ்சம் நீண்ட பதிவு. ஒரே மூச்சில் படிக்க முடியாவிட்டால் சேமித்து வைத்து, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு படியுங்கள். பேய் விஷயம் என்பதால் அந்த நேரமும் பொருத்தம்தான்.

இப்போது நகரங்களில் 'எஸ்கேப் ரூம்' என்று ஒன்று வந்திருக்கிறது. நம் வீட்டுப் பிள்ளைகள் பிறந்தநாளுக்கு அங்கேதான் போகிறார்கள். நாலைந்து பேரை ஓர் அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்துவார்கள். உள்ளே ஒளித்து வைத்திருக்கும் புதிர்களை ஒவ்வொன்றாக அவிழ்த்து, 60 நிமிடத்துக்குள் வெளியே வரவேண்டும். அதிலேயே 'ஹாரர்' என்று ஒரு வகை உண்டு. இருட்டு, அலறல் சத்தம், ரத்தக்கறை பூசிய சுவர், திடீரென்று பக்கத்தில் வந்து நிற்கும் ஒரு முகமூடி. இதற்குத் தலைக்கு நூற்றுக்கணக்கில் கட்டணம்.

"பயப்படுறதுக்கு யாராவது காசு குடுப்பாங்களா சார்?" என்று பெரியவர்கள் பலர் கேட்கிறார்கள். கொடுப்பார்கள். கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். இதற்கு இருநூறு ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் வரலாறு நடத்தியவன் என்பதால் அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இந்த வரலாற்றில் இரண்டு கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒன்று, பயந்தவன் வெளியே வர வழி இருக்கிறதா? இரண்டு, யாரைக் காட்டிப் பயமுறுத்துகிறார்கள்? இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

1. பாரிஸ் மடத்தில் எழுந்த பேய்கள்

பிரெஞ்சுப் புரட்சியை நாம் 1789 பாஸ்டில் சிறை, 1793 கில்லட்டின் என்று படித்தோம். அந்த ரத்தம் காயும் முன்பே அதே பாரிசில் ஒருவர் பேய்க்காட்சி நடத்திப் பணம் சம்பாதித்தார். பெயர் எத்தியென் காஸ்பார் ராபர்ட்சன். 1763இல் இன்றைய பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் பிறந்தவர். இயற்பியல் அறிந்தவர், பலூனில் பறந்தவர்.

1798இல் தொடங்கிய அவர், 1799இல் கைவிடப்பட்ட ஒரு கப்புச்சின் துறவியர் மடத்துக்குக் காட்சியை மாற்றினார். பாழடைந்த தாழ்வாரம் வழியாகத்தான் பார்வையாளர்கள் உள்ளே போகவேண்டும். போகும்போதே பாதி பயம் வந்துவிடும். உள்ளே விளக்கை அணைத்துவிடுவார்கள். மெல்லிய திரைக்குப் பின்னாலிருந்து ஒரு 'மாய விளக்கு' உருவங்களை வீசும். இன்றைய ஸ்லைடு புரொஜெக்டருக்குத் தாத்தா என்று வைத்துக்கொள்ளுங்கள். ராபர்ட்சனின் தந்திரம் என்னவென்றால், அந்த விளக்குக்குச் சக்கரம் வைத்ததுதான். விளக்கைப் பின்னே தள்ளத் தள்ளத் திரையில் உருவம் பெரிதாகும். முன்வரிசையில் உட்கார்ந்தவனுக்குப் பேய் தன்மேல் பாய்வதுபோல் இருக்கும். புகை, இடி ஓசை, கண்ணாடிக் கிண்ணங்களிலிருந்து எழும் ஆர்மோனிகா இசை எல்லாம் உண்டு. இதற்கு 'பாண்டஸ்மகோரியா' என்று பெயர். அவருக்கு முன்பே பிலிடோர் என்ற வித்தைக்காரர் இதைக் காட்டியிருக்கிறார். ஆனால் பெரும் வியாபாரமாக்கியவர் ராபர்ட்சன்.

கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று. இதெல்லாம் ஒளியும் கண்ணாடியும் செய்யும் வேலை, ஆவி என்று எதுவும் கிடையாது என்பதை அவர் பார்வையாளர்களிடம் மறைக்கவில்லை. மூடநம்பிக்கையை ஒழிக்கவே இதை நடத்துவதாகச் சொல்லிக்கொண்டார். பொய் என்று தெரிந்தும் மக்கள் அலறினார்கள். அந்த அலறலுக்குத்தான் அவர்கள் காசு கொடுத்தார்கள். நம் தெருக்கூத்தில் இரணியன் வேடம் கட்டியவர் பாயும்போது முன்னால் உட்கார்ந்த சிறுவர்கள் அம்மா மடியில் ஒளிந்துகொள்வதும், மறுநாள் அதே ஆளிடம் டீக்கடையில் பேசுவதும் நமக்குத் தெரியாததா?

2. மெழுகுத் தலைகள்

அதே பிலிடோர் 1802இல் லண்டனுக்குப் போனபோது அவரோடு சேர்ந்து சென்றவர் மேரி துசாத். ஆம், உலகப் புகழ்பெற்ற மெழுகுச் சிலை அருங்காட்சியகத்தின் மேடம் துசாத்தான். 1761இல் பிறந்தவர். புரட்சியில் வெட்டுண்ட தலைகளைப் பார்த்து மெழுகு அச்செடுத்ததாக அவரே பின்னாளில் கூறியிருக்கிறார். பல ஆண்டுகள் ஊர் ஊராகப் பொருட்காட்சி நடத்திவிட்டு 1835இல் லண்டன் பேக்கர் தெருவில் நிலைகொண்டார். வெட்டுண்ட தலைகளும் கொலைகாரர்களின் உருவங்களும் தனியறையில் இருந்தன. அதைப் பார்க்கத் தனிக் கட்டணம். அந்த அறைக்கு 1840களில் 'பயங்கரக் கூடம்' என்ற பெயர் நிலைத்தது.

இங்கே இரண்டாவது கேள்வி எழுகிறது. ராபர்ட்சன் காட்டிய எலும்புக்கூடு யாருடையதும் இல்லை. துசாத்தின் அறையில் இருந்தவர்கள் உண்மையில் வாழ்ந்து செத்தவர்கள். அவர்களுக்கும் பெண்டாட்டி, பிள்ளை, உறவு என்று இருந்திருக்கும்.

3. நாம் படித்த பினேயும் பயங்கர நாடகமும்

1897இல் பாரிசின் பிகால் பகுதியில், பழைய தேவாலயக் கட்டடம் ஒன்றில் 'கிராங் கினோல்' என்ற நாடக அரங்கம் தொடங்கியது. இருக்கைகள் 293 மட்டுமே. கொலை, கண்ணைப் பிடுங்குவது, அமிலம் வீசுவது என்று எல்லாவற்றையும் மேடையில் அப்படியே காட்டுவார்கள். எத்தனை பேர் மயங்கி விழுந்தார்கள் என்பதை வைத்துத்தான் அன்றைய நாடகம் வெற்றியா தோல்வியா என்று பேசிக்கொள்வார்களாம். இடையிடையே சிரிப்பு நாடகமும் போடுவார்கள். சூடு, குளிர்ச்சி என்று மாற்றி மாற்றிக் கொடுத்தால்தான் பயம் ஏறும் என்பது அவர்கள் கண்ட ரகசியம்.

பி.எட். படித்தவர்களுக்கு ஒரு வியப்பான செய்தி. கல்வி உளவியலில் நுண்ணறிவுச் சோதனை என்றதும் ஆல்பிரட் பினே, சைமன், 1905 என்று மனப்பாடம் செய்தோமே, அந்தப் பினே இந்த அரங்கத்தின் முதன்மை நாடகாசிரியர் ஆந்திரே த லோர்துடன் சேர்ந்து பயங்கர நாடகங்கள் எழுதியவர்! நம் பாடப்புத்தகத்தில் அந்த வரி இல்லை.

த லோர்துவின் நாடகங்களுக்கு மிகவும் பிடித்த களம் எது தெரியுமா? பைத்தியக்கார விடுதி. இந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நூறு ஆண்டு கழித்தும் இந்தக் களம் மாறவில்லை.

அரங்கம் 1962இல் மூடப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் வதைமுகாம்களைப் பார்த்த உலகத்துக்கு மேடை ரத்தம் எடுபடவில்லை என்பது அதன் கடைசி இயக்குநரின் கருத்து.

4. அமெரிக்காவின் பேய் வீடுகள்

1930களில் அமெரிக்காவில் பெரும் பொருளாதார வீழ்ச்சி. அக்டோபர் 31 ஹாலோவீன் இரவில் இளைஞர்களின் குறும்பு எல்லை மீறியது. வேலையற்ற பிள்ளைகள் தெருவில் பொருள்களை உடைத்தார்கள். அவர்களை வீட்டுக்குள் இழுக்கப் பெற்றோரும் ஊர்க்குழுக்களும் ஒரு வழி கண்டார்கள். வீட்டின் நிலவறையை இருட்டாக்கி, ஈரப் பஞ்சும் பழைய ரோமத்தோலும் தொங்கவிட்டு, பிள்ளைகளை வரிசையாக நடக்கவைத்தார்கள். செலவில்லாத பயம். கெட்டுப்போகும் பிள்ளையைப் பயங்காட்டித் திருத்தும் உலகில், பயங்காட்டியே மகிழவைத்த இந்த யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது.

பிறகு பெருவணிகம் வந்தது. 1969 ஆகஸ்ட் 9 அன்று கலிபோர்னியா டிஸ்னிலாந்தில் 'ஹான்டட் மேன்ஷன்' திறக்கப்பட்டது. 1973இல் நாட்ஸ் பெர்ரி ஃபார்ம் என்ற பூங்கா ஹாலோவீன் திருவிழாவைத் தொடங்கியது. நம் ஊர்ப் பொருட்காட்சித் திடலில் ராட்டினத்துக்கும் மரணக் கிணற்றுக்கும் நடுவே தகரக் கொட்டகையில் 'பேய் வீடு' போடுவார்களே, அதுவும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

1984 மே 11. நியூஜெர்சி மாநிலத்தில் சிக்ஸ் ஃபிளாக்ஸ் கிரேட் அட்வென்ச்சர் பூங்கா. அங்கே 'ஹான்டட் காசில்' என்றொரு பேய்க்கோட்டை. லாரி டிரெய்லர்களை ஒன்றோடொன்று இணைத்து உள்ளே வளைந்து வளைந்து போகும் பாதை. யாராவது மோதிக்கொண்டால் அடிபடாமல் இருக்கச் சுவரில் நுரைத்திணிப்பு. யாரோ ஒரு பையனின் லைட்டர் சுடர் அந்த நுரையில் பட்டதாக விசாரணையில் கூறப்பட்டது. நுரை பற்றியெரிந்தது. எட்டு இளைஞர்கள் வெளியே வரமுடியாமல் இறந்தார்கள்.

தண்ணீர் தெளிக்கும் கருவி இல்லை. புகை உணரும் கருவியும் இல்லை. ஏன்? சக்கரம் வைத்த டிரெய்லர் என்பதால் அது 'தற்காலிகக் கட்டமைப்பு' என்று கணக்கில் இருந்தது. ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றாலும் தற்காலிகம்தான்! நிறுவனம் மீது குற்றவழக்கு நடந்து, 1985இல் விடுதலையானது.

ஆனால் சட்டம் மாறியது. இருட்டும் குழப்பமும் வேண்டுமென்றே உண்டாக்கப்படும் கட்டடங்களுக்கு அமெரிக்கக் கட்டட விதிகளில் தனிப்பிரிவு வந்தது. அதில் ஒரு விதி மிகவும் புத்திசாலித்தனமானது. புகையை உணர்ந்த உடனே பேய்ச்சத்தம் எல்லாம் தானாக நிற்கவேண்டும், விளக்குகள் தானாக எரியவேண்டும். அதாவது, உண்மையான ஆபத்து வந்ததும் பொய்யான ஆபத்து விலகிவிட வேண்டும். இல்லையென்றால் "தீ! தீ!" என்று உள்ளே ஒருவன் கத்தினாலும் அதுவும் நாடகத்தில் ஒரு பகுதி என்றுதான் மற்றவர்கள் நினைப்பார்கள்.

5. கியோட்டோவிலிருந்து புடாபெஸ்ட் வரை

இனி எஸ்கேப் ரூம். 2000களின் தொடக்கத்தில் கணினியில் ஒரு விளையாட்டு பரவியது. மூடிய அறைக்குள் நீங்கள் மாட்டிக்கொண்டதுபோல் படம் வரும். அங்கங்கே சொடுக்கித் தடயம் தேடிக் கதவைத் திறக்கவேண்டும். 2004இல் ஜப்பானியர் தகாகி உருவாக்கிய 'கிரிம்சன் ரூம்' இதில் புகழ்பெற்றது.

2007இல் ஜப்பானின் கியோட்டோ நகரில் தகாவோ காட்டோ என்பவர், இதை நிஜ அறையில், நிஜ மனிதர்களை வைத்து நடத்தினால் என்ன என்று யோசித்தார். அவருடைய 'ஸ்க்ராப்' அமைப்பு நடத்திய அந்த நிகழ்ச்சியைத்தான் உலகின் முதல் எஸ்கேப் கேம் என்று பொதுவாகச் சொல்கிறார்கள்.

2011இல் ஹங்கேரியின் புடாபெஸ்டில் அட்டிலா கியுர்கோவிச் என்பவர் 'பாராபார்க்' தொடங்கினார். புடாபெஸ்டில் பாழடைந்த பழைய கட்டடங்களும் நிலவறைகளும் ஏராளம். வாடகை குறைவு. பயத்துக்கு அலங்காரச் செலவும் குறைவு! சிக்சென்ட்மிஹாயி என்ற ஹங்கேரிய வம்சாவளி உளவியலாளரின் கருத்து இதற்கு ஊக்கமாக இருந்தது. வேலை மிக எளிதாக இருந்தால் சலிப்பு, மிகக் கடினமாக இருந்தால் பதற்றம், இரண்டுக்கும் நடுவே திறமைக்கேற்ற சவால் இருந்தால் மனிதன் நேரம் போவதே தெரியாமல் ஒன்றிவிடுவான் என்பது அவர் சொன்னது. நல்ல ஆசிரியர் ஒவ்வொருவரும் வகுப்பில் தேடுவது இதைத்தானே!

2012இல் லண்டனுக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் வந்தது. சில ஆண்டுகளில் நம் பெருநகரங்களுக்கும் வந்துவிட்டது. ஸ்காட் நிக்கல்சன் என்ற பேராசிரியர் 2015இல் 175 எஸ்கேப் ரூம் நிறுவனங்களிடம் கணக்கெடுத்தார். சராசரியாக 41 விழுக்காட்டுக் குழுக்களே நேரத்துக்குள் வெளியே வருகின்றன என்று தெரிந்தது. அதாவது பாதிக்கு மேல் தோல்வி. தோற்றாலும் சிரித்துக்கொண்டு வெளியே வரும் தேர்வு இது ஒன்றுதான் இருக்கும்.

6. நாங்கள் நால்வர் போன கதை

பள்ளியில் ஒன்றாக வேலை பார்த்து ஓய்வுபெற்ற நான்கு பேர் மாதம் ஒருமுறை சந்திப்போம். கணக்கு சார், இயற்பியல் டீச்சர், தமிழய்யா, நான். இயற்பியல் டீச்சரின் பேத்தி முன்பதிவு செய்துவிட்டு, "நீங்க எல்லாம் பரீட்சை வெச்சு எங்கள அழவெச்சீங்கல்ல, இப்ப நீங்க போங்க" என்று அனுப்பிவைத்தாள். சென்னையில் ஒரு வணிக வளாகத்தின் மூன்றாம் மாடி. பெயர் வேண்டாம்.

வரவேற்பில் இருந்த தம்பிக்கு இருபது வயது இருக்கும். "அங்கிள், பி.பி., ஹார்ட் பிராப்ளம் ஏதாவது இருக்கா?" என்று கேட்டான். "எல்லாம் இருக்குப்பா, எதுல உனக்கு எத்தனை வேணும்?" என்றார் தமிழய்யா. கைபேசிகளை வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டான். இயற்பியல் டீச்சர் விடவில்லை. "கரண்ட் போனா கதவு என்ன ஆகும் தம்பி?" என்றார். மின்காந்தப் பூட்டு, மின்சாரம் நின்றால் தானே திறந்துகொள்ளும் என்றான். கதவருகே ஒரு பச்சைப் பொத்தானைக் காட்டி, "பயமா இருந்தா எப்ப வேணாலும் இத அழுத்துங்க, திறந்துடும். கேமராலயும் நான் பாத்துட்டே இருப்பேன்" என்றான். டீச்சர் அந்தப் பொத்தானை அழுத்திப் பார்த்துக் கதவு திறந்ததும்தான் உள்ளே வந்தார்.

அறையின் கதை, கைவிடப்பட்ட ஒரு மனநோயாளி மருத்துவமனை. துருப்பிடித்த கட்டில், காலில் கட்டும் சங்கிலி, கோடுபோட்ட சட்டை போட்ட ஒரு பொம்மை. பொம்மை அவ்வப்போது தலையைத் திருப்பிச் சிரிக்கும். முதல் அரைமணி நேரம் நாங்கள் குழந்தைகள்தான். கணக்கு சார் எண்தொடர் ஒன்றைக் கண்டுபிடித்து ஒரு பூட்டைத் திறந்தார். சுவரில் ஊதா விளக்கு அடித்தால் தெரியும் எழுத்துகளைத் தமிழய்யா கூட்டிக் கூட்டி வாசித்தார். பொம்மை சிரித்தபோது நாங்கள் எழுப்பிய சத்தம் கீழ்த்தளத்துக்கே கேட்டிருக்கும்.

பெட்டியொன்றில் நோயாளிகளின் 'கோப்புகள்' இருந்தன. அடுத்த தடயம் அதில்தான். கணக்கு சார் ஒரு கோப்பைப் பிரித்து இரண்டு நிமிடம் வாசித்தார். பிறகு அதை மூடி வைத்துவிட்டு, எதுவும் பேசாமல் போய்ப் பச்சைப் பொத்தானை அழுத்தினார். நாங்களும் பின்னாலேயே வந்துவிட்டோம். கடிகாரத்தில் இன்னும் 14 நிமிடம் இருந்தது.

கீழே டீக்கடையில் அவரே சொன்னார். "எங்க அண்ணன் கீழ்ப்பாக்கத்துல நாலு வருஷம் இருந்தாரு சார். மாசாமாசம் அம்மாவோட போய்ப் பாப்பேன். தயிர்சாதம் கொண்டுபோவோம். அம்மா கையப் புடிச்சுக்கிட்டு, வீட்டுல மாடு கன்னு போட்டுச்சான்னு கேப்பாரு. அவரு ஒருத்தரையும் பயமுறுத்துனது இல்ல. அவருதான் எல்லாரையும் பாத்துப் பயந்தாரு."

இருபத்தைந்து ஆண்டு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவர். எங்களில் யாருக்கும் இது தெரியாது. அவர் அனுமதி கொடுத்ததால்தான் எழுதுகிறேன். "எழுதுங்க சார், மறைச்சது போதும்" என்றார்.

7. யாரைப் பேயாக்குகிறோம்?

லண்டனில் பெத்லெம் மருத்துவமனை 1247இல் தொடங்கப்பட்டது. பின்னாளில் மனநோயாளிகளுக்கானது ஆனது. 'பெட்லம்' என்ற சொல்லே அமளிக்குப் பெயராகிவிட்டது. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஊர்மக்கள் அங்கே நோயாளிகளை வேடிக்கை பார்க்கப் போவார்கள். விடுமுறை நாளில் கூட்டம் அலைமோதும். 1770இல்தான் அதற்குக் கட்டுப்பாடு வந்தது. நோயாளிகளை நேரில் காட்டுவது நின்றது. அவர்களைப்போல் வேடம் கட்டிக் காட்டுவது நிற்கவில்லை. கிராங் கினோல் அதை மேடையில் செய்தது. சினிமா திரையில் செய்தது. எஸ்கேப் ரூம் அறைக்குள் செய்கிறது.

நம் கீழ்ப்பாக்கத்துக்கு வருவோம். அங்கே இருக்கும் அரசு மனநலக் காப்பகம் தன் தொடக்கத்தை 1794 என்று கணக்கிடுகிறது. நாட்டின் மிகப் பழைய மனநல மருத்துவ நிலையங்களில் ஒன்று. எத்தனையோ ஆயிரம் பேர் அங்கே சிகிச்சை பெற்று வீடு திரும்பியிருக்கிறார்கள். ஆனால் தமிழில் அந்த ஊர்ப்பெயர் என்ன ஆயிற்று? பள்ளிக்கூடத்தில் ஒரு பையனை இன்னொருவன் கேலி செய்ய 'கீழ்ப்பாக்கம்' என்ற ஒரு சொல் போதும். சினிமா நகைச்சுவையிலும் அதே. கணக்கு சார் இதை எத்தனை ஆண்டு கேட்டுக்கொண்டு கரும்பலகையில் எழுதியிருப்பார் என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன்.

அறையில் தொங்கிய சங்கிலிக்கும் நம் மண்ணில் ஒரு தேதி உண்டு. 2001 ஆகஸ்ட் 6. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தனியார் மனநலக் காப்பகம் ஒன்றின் கொட்டகை அதிகாலையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக்கூடாது என்று தெளிவாகத் தடை செய்திருக்கிறது. பேய்க்கதையில் சங்கிலி அணிந்தவன் கொல்லவருகிறான். நம் வரலாற்றில் சங்கிலி அணிந்தவன்தான் எரிந்துபோனான். பிள்ளைகளுக்கு எந்தக் கதையைச் சொல்லப் போகிறோம்?

இதை மாற்ற முடியாது என்று நினைக்க வேண்டாம். மேலே சொன்ன நாட்ஸ் பெர்ரி ஃபார்ம் பூங்கா 2016இல் மனநல மருத்துவமனையைக் களமாக வைத்து ஒரு பேய் விளையாட்டைத் தொடங்கியது. மனநோயாளிகளின் குடும்பங்களும் அமைப்புகளும் எதிர்ப்புத் தெரிவித்தன. பூங்கா அதை மூடிவிட்டது. பேய்க்கு வேறு களமா இல்லை? நம்மிடம் முனி இருக்கிறது, கொள்ளிவாய்ப் பிசாசு இருக்கிறது, புளியமரம் இருக்கிறது, வேதாளம் இருக்கிறது. இவர்கள் யாருக்கும் மனம் புண்படாது. வேதாளம் கேள்வி கேட்டுப் பதில் வாங்கும் பேய். எஸ்கேப் ரூமுக்கு அதைவிடப் பொருத்தமான பேய் கிடையாது.

8. கதவு

இப்போது முதல் கேள்வி. 2019 ஜனவரி 4. போலந்தின் கோஷாலின் நகரம். ஒரு பிறந்தநாளைக் கொண்டாட 15 வயதுச் சிறுமிகள் ஐந்து பேர் எஸ்கேப் ரூமுக்குப் போனார்கள். அறைக்கு வெளியே, வரவேற்புப் பகுதியில் இருந்த எரிவாயு வெப்பக்கருவியிலிருந்து தீ. வெளியேற அந்த ஒரே வழிதான். அங்கிருந்த ஊழியருக்கும் தீக்காயம். சிறுமிகள் ஐவரும் கார்பன் மோனாக்சைடு நச்சுப்புகையால் இறந்தார்கள். அதன்பிறகு போலந்து நாடு முழுவதும் எஸ்கேப் ரூம்களைச் சோதித்து, பாதுகாப்பில்லாதவற்றை மூடினார்கள். அதன்பிறகுதான்.

2024 மே 25. குஜராத்தின் ராஜ்கோட். கோடை விடுமுறை. டி.ஆர்.பி. விளையாட்டு மையத்தில் 99 ரூபாய் சலுகைச் சீட்டு என்பதால் கூட்டம். வெல்டிங் பொறி பறந்து தீப்பிடித்தது. குழந்தைகள் உட்பட 27 பேர் இறந்தார்கள். அந்த மையத்துக்குத் தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று கிடையாது. மறுநாளே குஜராத் உயர்நீதிமன்றம் இது மனிதர்கள் உண்டாக்கிய பேரழிவு என்றது.

ஆசிரியராக இருந்த யாருக்கும் 2004 ஜூலை 16 மறக்காது. கும்பகோணத்தில் 94 பிள்ளைகள். கூரைக் கொட்டகை, குறுகலான ஒரு படிக்கட்டு. அதற்குப் பிறகுதான் பள்ளிகளில் கூரை பிரிக்கப்பட்டது. அதற்குப் பிறகுதான் தீயணைப்புச் சான்று கேட்டார்கள்.

நியூஜெர்சி, ஏர்வாடி, கும்பகோணம், கோஷாலின், ராஜ்கோட். தேதிகளை வரிசையாக எழுதிப் பாருங்கள். எல்லா இடத்திலும் தீ ஒரு சின்னப் பொறிதான். கொன்றது, வெளியே வர வழியில்லாமை. விதிகள் எழுதப்பட்டது எல்லா இடத்திலும் சாவுக்குப் பிறகு.

9. போகிறவர்களுக்கு

பிள்ளைகளை அனுப்பாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. நாலு பேர் சேர்ந்து யோசிப்பது, ஒருவர் விட்டதை இன்னொருவர் பிடிப்பது, தோற்றாலும் சிரிப்பது எல்லாம் நல்ல பழக்கம். கைபேசியை ஒரு மணிநேரம் பிடுங்கி வைக்கிறார்களே, அதற்கே கட்டணம் கொடுக்கலாம். ஆனால் உள்ளே போகுமுன் ஐந்து கேள்வி கேளுங்கள்.

ஒன்று, உள்ளிருந்து நாங்களே கதவைத் திறக்க முடியுமா? எப்படி? திறந்து காட்டச் சொல்லுங்கள்.
இரண்டு, மின்சாரம் போனால் பூட்டு திறக்குமா, இறுகுமா?
மூன்று, வெளியே போக இரண்டாவது வழி எங்கே? அதன் முன்னால் அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கிறார்களா?
நான்கு, நாங்கள் உள்ளே இருக்கும் நேரம் முழுவதும் கேமராவில் பார்க்க ஆள் இருக்கிறாரா?
ஐந்து, தீயணைப்புச் சான்று இருக்கிறதா? எந்தத் தேதிவரை?

பதில் சொல்லத் தயங்கினால், முன்பணம் போனாலும் பரவாயில்லை என்று திரும்பிவிடுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். எங்கள் இயற்பியல் டீச்சர் கேட்டபோது அந்தத் தம்பி முகம் சுளிக்கவில்லை. "இதுவரைக்கும் யாருமே கேட்டதில்ல மேடம்" என்றுதான் சொன்னான்.

இந்தத் தொழிலில் இருக்கும் என் பழைய மாணவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். மனநோயாளிச் சட்டையைக் கழற்றிவிட்டு வேதாளத்துக்கு வேலை கொடுங்கள். புதிர் வேண்டுமானால் நானும் தமிழய்யாவும் எழுதித் தருகிறோம், கட்டணம் வேண்டாம். கணக்கு சார் எண்புதிர் தருவதாக நேற்றே சொல்லிவிட்டார்.

உங்கள் ஊரில் இப்படிப்பட்ட இடங்கள் எப்படி இருக்கின்றன, கதவைக் கவனித்தீர்களா என்று கீழே எழுதுங்கள். பேரப்பிள்ளைகள் பிறந்தநாளுக்குப் போகிற வீடுகளுக்கு இந்த ஐந்து கேள்விகளையாவது அனுப்பிவையுங்கள்.